மூச்சிரைப்பும் தொடைத்தசையும்

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் உறவினர்கள் பழத்தோடு ஓர் அறிவுரையையும் கொண்டுவருவார்கள்: "அலட்டிக்காதீங்க, மாடி ஏறாதீங்க, பேசாம ரெஸ்ட் எடுங்க." பீடிப் புகையாலோ விறகடுப்பாலோ நுரையீரல் கெட்டு, குளியலறை வரை நடந்தாலே இரைக்கிறது என்பவருக்கும் வீட்டார் சொல்வது இதையேதான். பழுதுபட்ட உறுப்புக்கு வேலை கொடுக்காமல் இருந்தால் அது இன்னும் சில காலம் தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு பாதி சரி. நெஞ்சுவலி அடங்காமல் இருக்கும்போதும், காய்ச்சலும் சளியும் முற்றியிருக்கும்போதும் ஓய்வு வேண்டியதுதான். மீதிப் பாதி தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவை கால்கள். இதைக் கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகள் நன்றாகவே காட்டிவிட்டன. அவற்றிலிருந்து பிறக்கும் முடிவைத்தான் மருத்துவ உலகம் வாயளவில் ஏற்றுக்கொண்டு, நடைமுறையில் தள்ளிப்போட்டுவருகிறது. இதய, நுரையீரல் நோயாளிகளுக்காக வீட்டுக்குப் பக்கத்தில், வாரம் ஒன்றிரண்டு முறை, ஆண்டுக்கணக்கில் நடக்கும் உடற்பயிற்சிக் குழுவைச் சிகிச்சை முடிந்தபின் கிடைக்கும் உபரி வசதியாக நினைக்கக் கூடாது. அதுவும் சிகிச்சைதான் என்பதே அந்த முடிவு.

ஓய்வு எப்போதுமே மருந்தாக இருந்ததில்லை. நடந்தால் நெஞ்சை நெரிக்கும் நோயை விரிவாக விவரித்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுப்பதென்று வைத்துக்கொண்ட ஒரு நோயாளி ஏறக்குறையக் குணமானதைக் குறித்துவைத்திருக்கிறார். அவர் இறந்தபின் 1802இல் வெளியான நூலில் அது இருக்கிறது. ஆனால் 1912இல் ஜேம்ஸ் ஹெரிக் மாரடைப்பைத் தெளிவாக விளக்கிய பிறகு, செத்துப்போன இதயத்தசை தழும்பாக இறுகும் வரை ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்ற விதி வலுப்பெற்றது. கையால் எடுத்துச் சாப்பிடக்கூட விடாத மருத்துவமனைகள் இருந்தன. அப்படிக் கிடந்தவர்களுக்குக் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரை வாங்கியது. 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்ததை ஒரு துணிச்சலான புதுமையாகவே வெளியிட வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்காருவதற்கே அவ்வளவு தயக்கம் இருந்த காலம் அது.

ஓய்வு உடலை என்ன செய்கிறது என்பதை அளந்து சொன்னது 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஒரு சோதனை. இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. பிறகு கொடுத்த பயிற்சியில் அது மீண்டது. இதோடு முடிந்திருந்தால் ஒரு சுவையான தகவலாக நின்றிருக்கும். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு அவர்களுடைய திறனைக் குறைத்ததைவிட, இளமையில் படுத்திருந்த மூன்று வாரம் அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் எந்த நோயும் இல்லாத இளைஞருக்கே இந்தக் கதி என்றால், அறுபத்தைந்து வயதில், மாதக்கணக்கில், மூச்சிரைப்புக்குப் பயந்து உட்கார்ந்தே இருப்பவருக்கு என்ன மிஞ்சும் என்று யோசிக்கலாம்.

இப்போது நுரையீரலுக்கு வருவோம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் காற்றுக்குழாய்கள் குறுகி, உள்ளே போன காற்று முழுதும் வெளியேற நேரம் போதாமல் தேங்குகிறது. வேகமாக மூச்சுவிட விட, தேக்கம் கூடுகிறது. இது நுரையீரலின் பங்கு. எந்த உடற்பயிற்சியும் இதை மாற்றாது. ஊதிப் பார்க்கும் சோதனையில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எண் அப்படியே இருக்கும். ஆனால் ஒருவர் எவ்வளவு மூச்சுவிட வேண்டியிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது நுரையீரல் மட்டுமல்ல. நடக்காமல் கிடந்த தொடைத்தசையில் நீண்ட நேரம் உழைக்கவல்ல இழைகள் குறைகின்றன. ஆக்சிஜனை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் குறைகின்றன. அப்படிப்பட்ட தசை, நாலு எட்டு வைப்பதற்குள் லாக்டிக் அமிலத்தைக் கொட்ட ஆரம்பிக்கிறது. இரத்தம் அந்த அமிலத்தைச் சமன் செய்யும்போது கூடுதல் கரியமில வாயு பிறக்கிறது. அதை வெளியேற்றக் கூடுதல் மூச்சு வேண்டும். நுரையீரலில் ஏற்கெனவே இடம் இல்லை. ஆக, தளர்ந்த கால் ஒன்று பழுதான நுரையீரலின் மேல் வேண்டாத சுமையை ஏற்றிவிடுகிறது. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் காசபுரியின் குழு 1991இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சங்கிலியைத் தலைகீழாக ஓட்டிக் காட்டியது: கால்களுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்த பிறகு, அதே வேலைக்கு லாக்டிக் அமிலம் குறைந்தது, தேவைப்பட்ட மூச்சும் அதற்கேற்பக் குறைந்தது. நுரையீரல் பழைய நுரையீரல்தான்.

இதைவிட ஆணித்தரமான சான்று நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சையிலிருந்து வருகிறது. கெட்ட நுரையீரலை எடுத்துவிட்டு நல்லதைப் பொருத்தியவர்களின் மூச்சுச் சோதனை எண்கள் இயல்பை நெருங்கினாலும், உச்ச உழைப்புத் திறன் பெரும்பாலும் இயல்பில் 40 முதல் 60 சதவீதத்திலேயே நிற்கிறது. மிச்சத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு தசைகளுடையது. ஆண்டுக்கணக்கான முடக்கமும், இப்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகளும் அவற்றைப் பலவீனப்படுத்தியிருக்கின்றன. இதயத்திலும் இதே கதைதான். எக்கோ எடுத்துவிட்டு "பம்பிங் முப்பதுதான் இருக்கு" என்று சொல்லக் கேட்டு இடிந்துபோகும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணுக்கும் ஒருவர் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதற்கும் உள்ள உறவு வியக்கத்தக்க அளவு பலவீனமானது. இதயச் செயலிழப்பில் மருந்து கொடுத்து இரத்த ஓட்டத்தைச் சில மணி நேரத்தில் சீராக்கிவிடலாம். நடக்கும் திறன் கூடுவதற்கு வாரங்கள் ஆகும். 1990களில் ஆண்ட்ரூ கோட்ஸ் முதலியோர் இதை வைத்துத்தான், இதயச் செயலிழப்பின் களைப்பிலும் மூச்சிரைப்பிலும் பெரும்பகுதி கைகால் தசைகளில் பிறக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். நோய் வேறு, உறுப்பு வேறு. இயலாமை வந்து உட்காரும் இடம் ஒன்று.

பயிற்சி பலன் தருகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். நுரையீரல் அடைப்பு நோய்க்கான மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு 2015இல் 65 சோதனைகளை, 3,822 நோயாளிகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. ஆறு நிமிட நடைச் சோதனையில் சராசரியாக 44 மீட்டர் கூடியிருந்தது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஏறக்குறைய 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு அன்றாட வாழ்வில் வித்தியாசம் தெரியும் என்பதால் இது அற்பம் இல்லை. கழிப்பறைக்குத் துணையில்லாமல் போய்வருவது அந்த மீட்டர்களுக்குள்தான் இருக்கிறது. பயிற்சி கொடுப்பதையும் கொடுக்காமல் விடுவதையும் ஒப்பிட்டு இனியும் சோதனை நடத்தத் தேவையில்லை என்று சொல்லி அந்தத் தொகுப்பாய்வையே மூடிவிட்டார்கள். மருத்துவத்தில் இப்படி "போதும்" என்று சொல்வது அபூர்வம். இதய நோயில் 2021இன் தொகுப்பாய்வு 85 சோதனைகளையும் 23,000க்கு மேற்பட்டவர்களையும் பார்த்தது: இதயநோயால் இறப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது, மறு மாரடைப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தன. எல்லாக் காரணங்களாலும் நேரும் மொத்த மரணங்களில் ஐயத்துக்கு இடமில்லாத குறைவு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் நடப்பவை. முடிந்ததும் ஒரு சான்றிதழும், வீட்டில் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்ட ஒரு தாளும் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பலன் கரைகிறது. கரையாமல் எப்படி இருக்கும்? டல்லஸ் இளைஞர்களின் திறனுக்கு என்ன நேர்ந்ததோ அதுவேதான் இங்கும் நேர்கிறது. பயிற்சியால் வந்த மைட்டோகாண்ட்ரியா சேமிப்புக் கணக்கில் கிடக்காது. கேட்பாரில்லை என்றால் உடல் அதைக் கலைத்துவிடும். சர்க்கரை மாத்திரையை எட்டு வாரம் கொடுத்துவிட்டு, "பலன் தெரிந்தது, நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. உடற்பயிற்சிக்கு மட்டும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாழ்நாள் முழுதும் தேவைப்படும் ஒரு மருந்தை மருத்துவமனையின் பிசியோதெரபி அறைக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது; இடமும் போதாது, ஆளும் போதாது, பஸ் ஏறி வரும் தெம்பும் நோயாளிக்கு இல்லை. ஊருக்குள் நடக்கும் குழு என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் அவசியமாகிறது.

ஜெர்மனி இதை வெகு முன்பே புரிந்துகொண்டது. 1965இல் ஷோர்ன்டார்ஃப் என்ற சிறு நகரத்தில் முதல் இதயக் குழு தொடங்கியது. இன்று நாடு முழுதும் ஆயிரக்கணக்கான குழுக்கள் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது, அவை கூடும் இடம். பெரும்பாலும் உள்ளூர் விளையாட்டுச் சங்கங்களே அவற்றை நடத்துகின்றன. மாலை வேளையில் பள்ளி உடற்பயிற்சிக்கூடத்தில் இருபது பேருக்கு மிகாமல் கூடுவார்கள். நடை, நீட்டி மடக்கும் பயிற்சி, பந்து விளையாட்டு, மூச்சைத் தளர்த்துதல் என்று ஒரு மணி நேரம். பயிற்றுநர் இதற்கென்றே தகுதி பெற்றவர்; டிஃபிப்ரிலேட்டர் பக்கத்தில் இருக்கும். மருத்துவர் எழுதித் தந்தால், 24 மாதத்தில் 90 அமர்வுகளுக்கான செலவைச் சட்டபூர்வ மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. சீட்டு எழுதி, காப்பீடு பணம் கட்டும்போது உடற்பயிற்சி பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து மருந்து என்ற நிலைக்கு உயர்ந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் நுரையீரல் அறக்கட்டளை நடத்தும் "லங்ஸ் இன் ஆக்‌ஷன்" வகுப்புகள் இன்னும் ஒரு படி போகின்றன: மருத்துவமனைப் பயிற்சியை முடித்த நுரையீரல் நோயாளிகளையும், நிலையாக இருக்கும் இதயச் செயலிழப்பு நோயாளிகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக்கொள்கின்றன. மேலே சொன்ன தொடைத்தசைக் கதையை ஏற்றுக்கொண்டால் இது இயல்பான முடிவு. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு படியில் ஏறி இறங்குவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது எல்லாம் இருவருக்கும் பொதுவானவை. நுரையீரல்காரர் மட்டும் உதட்டைக் குவித்து மெல்ல ஊதக் கற்றுக்கொள்வார். அது காற்றுக்குழாய் மூடிக்கொள்ளாமல் தாங்கிப்பிடிக்கும். இங்கிலாந்தின் லெஸ்டரில் ரேச்சல் எவன்ஸும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் நோயாளிகளுக்கான வகுப்பில் சேர்க்கப்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளும் ஒத்த அளவு முன்னேறினார்கள்.

இது ஆபத்தில்லையா என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. உழைப்பு மாரடைப்பைத் தூண்டலாம் என்பது உண்மை. 1993இல் முரே மிட்டில்மன் குழுவினர் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் விசாரித்து, கடும் உழைப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் ஆறு மடங்கு கூடுவதாகக் கணித்தார்கள். ஆனால் அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு அது 2.4 மடங்குதான், உடலை அசைக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று உழைத்தவர்களுக்கு 107 மடங்கு. அபாயம் தேடிப்போவது உட்கார்ந்தே இருந்தவரைத்தான்; என்றாவது ஒருநாள் லிஃப்ட் நின்றுபோய் அவரும் மாடி ஏறத்தானே வேண்டும்? மேற்பார்வையோடு நடக்கும் வகுப்புகளைப் பற்றி அமெரிக்காவில் 167 மையங்களில் 51,000 பேருக்கு மேல் எடுத்த கணக்கு 1986இல் வெளியானது. ஏழு லட்சத்து எண்பதாயிரம் நோயாளி-மணி நேரத்துக்கு ஒரு மரணம் என்பது அதில் கண்டது. இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடுவதில்லை. நிலையற்ற நெஞ்சுவலி, கட்டுப்படாத இதயத்துடிப்புக் கோளாறு, மகாதமனி வால்வின் கடும் சுருக்கம் உள்ளவர்களை முதலிலேயே வடிகட்டுவதாலும், வேகத்தை அளந்து கொடுப்பதாலும்தான் அது கிடைக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற எளிய அளவுகோலே பெரும்பாலானோருக்குப் போதும்.

தனியாக நடந்தால் போதாதா, குழு எதற்கு என்பது இரண்டாவது கேள்வி. கேள்வி நியாயமானது. ஆஸ்திரேலியாவில் ஆன் ஹாலண்ட் தலைமையில் நடந்து 2017இல் வெளியான சோதனையில், ஒருமுறை வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்து, பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு என்று எட்டு வாரம் நடத்திய வீட்டுப் பயிற்சி, மையத்தில் நடத்திய பயிற்சிக்குக் குறையாத பலனைத் தந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்பிலும் பலன் பெரும்பாலும் தேய்ந்துபோயிருந்தது. ஆகவே வீடா மையமா என்பது பெரிய விஷயமில்லை. எட்டு வாரத்துக்குப் பின் யார் விசாரிக்கிறார்கள் என்பதே விஷயம். 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகளைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஹெச்.எஃப்-ஆக்‌ஷன் சோதனை இதற்கு இன்னொரு பாடம். முதல் மூன்று மாதம் மேற்பார்வையில் பயிற்சி, பிறகு வீட்டுக்கே சைக்கிளோ டிரெட்மில்லோ கொடுத்து அனுப்பினார்கள். சொன்ன அளவைச் செய்தவர்கள் பாதிக்கும் குறைவு; சோதனையின் பலனும் எதிர்பார்த்ததைவிடச் சுமாராகவே இருந்தது. கருவி வீட்டில் இருந்தது, தினமும் ஏறி மிதிக்க வைப்பதற்கான காரணம்தான் இல்லை. மூச்சிரைப்பு பயமுறுத்தும் உணர்வு. தனியாக இருக்கும்போது அது வந்தால் உட்காரத்தான் தோன்றும். தன்னைப் போலவே இரைத்துக்கொண்டு நடக்கும் பத்துப் பேர் நடுவில் அதே இரைப்பு வந்தால், இது அடங்கிவிடும் என்று கண்ணெதிரே தெரியும். "போன வாரம் ஏன் வரல?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பதும் சின்ன விஷயமில்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் நேர்மையான பதில் சொல்வது கடினம். குழுவுக்குத் தவறாமல் வருகிறவர்கள் ஏற்கெனவே தெம்பும் ஊக்கமும் உள்ளவர்கள். அவர்கள் நன்றாக இருப்பதைப் பயிற்சியின் கணக்கில் எழுதலாமா? இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான யோகா-கேர் சோதனையில் இந்தப் பொறி தெளிவாகத் தெரியும். யோகா வகுப்புக்கு ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய இதய நிகழ்வுகளில் ஏற்பட்ட குறைவு புள்ளியியல் நோக்கில் உறுதியானதல்ல. 13 வகுப்பில் பத்துக்காவது வந்தவர்களை மட்டும் பார்த்தால் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டாவது கணக்கை நம்பி மகிழ்வது எளிது. அதில் யோகாவின் பங்கு எவ்வளவு, வரக்கூடியவர்களாக இருந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதே சோதனையில் தன் உடல்நலம் பற்றிய சொந்த மதிப்பீடும், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் யோகா தரப்பில் மேம்பட்டிருந்தன. அவை ஒதுக்கீட்டின்படி கணக்கிட்டவை என்பதால் எடை அதிகம். நுரையீரல் நோயாளிகளுக்கான நீண்டகாலத் தொடர்பயிற்சி பற்றிய சான்றும் இந்த நிலையில்தான் இருக்கிறது: வாழ்க்கைத் தரத்தில் பலன் இருக்கலாம் என்கிறது, ஆபத்து கூடவில்லை என்கிறது, குறுகிய காலப் பயிற்சிக்கு உள்ள அசையாத உறுதி இதற்கு இல்லை. என் முடிவு இது: பயிற்சி தசையை மாற்றுகிறது என்பது உறுதி, நிறுத்தினால் போய்விடும் என்பதும் உறுதி. இவ்விரண்டும் உறுதியாக இருக்கும்போது தொடர்வதற்கான ஏற்பாட்டின் வடிவத்தைப் பற்றி ஆய்வு செய்யலாம். ஏற்பாடே வேண்டாம் என்று காத்திருப்பதற்கு நியாயமில்லை.

குழு எல்லோருக்கும் பொருந்தும் என்பதற்கு ஒரு தீவிர விதிவிலக்கு உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுவழி நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஆபத்தான கிருமிகளைப் பெறக்கூடும் என்பதால், அவர்கள் ஒரே அறையில் சேர்ந்து பயிற்சி செய்யக் கூடாது. இன்னொன்று இடம். 2018இல் 'லான்செட்' இதழில் வந்த லண்டன் ஆய்வில், அறுபது வயது கடந்தவர்கள், நுரையீரல் நோயாளிகளும் இதய நோயாளிகளும் உட்பட, ஹைட் பூங்காவில் ஒருநாளும் டீசல் வண்டிகள் நிறைந்த ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் ஒருநாளும் இரண்டு மணி நேரம் நடந்தார்கள். பூங்கா நடை நுரையீரலுக்கும் இரத்தக்குழாய்க்கும் தந்த நன்மையைத் தெருவின் புகை பெரும்பாலும் பறித்துவிட்டது. ஆகவே பிரதான சாலையோரத்தில் காலை நடை போகும் நம் நகரவாசிகள் இடத்தை மாற்ற வேண்டும். நடையை நிறுத்த வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி இந்தியாவில் ஐந்தரைக் கோடிப் பேருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தது. இவர்களில் மருத்துவமனைப் பயிற்சிக்கு வழியுள்ளவர்களே சொற்பம் என்னும்போது, ஜெர்மனி போல மருத்துவமனைப் பயிற்சி முடிந்தபின் குழு என்ற வரிசையை நாம் பின்பற்ற முடியாது. குழுவிலேயே தொடங்க வேண்டியிருக்கும். அதற்கான கைகால்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையோடு பிசியோதெரபியையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. நல்ல காரியம், ஆனால் எட்டு கிலோமீட்டர் நடக்கக்கூடியவருக்கு அரசின் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. இரைப்பு உள்ளவருக்கு வேண்டியது முப்பது மீட்டர் சமதளத் தாழ்வாரம், நடுநடுவே கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலிகள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி ஒன்று, முதலுதவி தெரிந்த ஒருவர், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர். பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ இதற்குப் போதும்.

உங்கள் வீட்டில் ஸ்டென்ட் வைத்தவரோ இன்ஹேலர் போடுபவரோ இருந்தால், அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது மாத்திரை எத்தனை நாளைக்கு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு நடக்கலாம், எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும், ஆறு நிமிட நடைச் சோதனை செய்து பார்க்கலாமா, பயிற்சிக்கு யாரிடம் அனுப்புவீர்கள் என்ற நான்கையும் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.